டாக்டர் கோட்னிஸும் அவரைச் சுமந்த மக்களும்

தொம்மலூரிலிருந்து கிழக்கே விமானத் தொழிற்சாலையை நோக்கிச் செல்லும் சாலையில் நம்மவர் நாள்தோறும் போய் வருகின்றனர். அத்தொழிற்சாலை 1940ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் தோற்றுவிக்கப்பட்டது. தோற்றுவித்தவர் வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபர்; பம்பாய் மாகாணத்துச் சோலாப்பூரில் பிறந்தவர். இயந்திரங்களுக்கும் பொறியாளர்களுக்கும் ஏற்பாடு செய்து அவருக்குத் துணைநின்றவர் வில்லியம் பாலி என்னும் அமெரிக்கர். இந்தப் பாலி அதற்கு முன் சீன தேசத்தில் விமானத் தொழிற்சாலை நடத்தியவர். ஜப்பானியரின் படையெடுப்பால் அத்தொழிற்சாலை ஓரிடத்தில் நிலைக்க இயலாமல் ஊர் மாறிப் போய், யுன்னான் மாகாணத்தில் பர்மா எல்லையை ஒட்டிய லோய்விங் என்னும் இடத்தில் அமைந்தது. ஆகவே சீன மக்கள் பட்ட பாட்டின் ஒரு நூலிழை, நாம் நடக்கும் இந்தச் சாலை வரையில் நீண்டு கிடக்கிறது என்று சொன்னால் அது மிகையன்று.

அதே ஆண்டுகளில் சோலாப்பூரில் பிறந்த மற்றொருவர் சீனத்தின் வடக்கு மலைகளில் இருந்தார். அவர் தொழிலதிபர் அல்லர். முப்பது வயதை எட்டிய வைத்தியர். டாக்டர் துவாரகநாத் சாந்தாராம் கோட்னிஸ் என்னும் அவருடைய பெயரைப் பலரும் கேட்டிருப்பர். 1946ஆம் ஆண்டில் வி. சாந்தாராம் எடுத்த திரைப்படத்தைக் கண்டவர்கள் அவரை ஒரு தனி வீரராகவே மனத்தில் கொண்டிருப்பர். அவ்வாறு கொள்வதில் தவறில்லை. ஆயினும் அவருடைய வாழ்வை ஆராயுந்தோறும் அவரைச் சுற்றி வேறொரு கூட்டம் நிற்பதை நாம் காண்கிறோம். கட்டில் தூக்கியவர், கம்பு தினை அளந்தவர், துணி துவைத்தவர், செருப்புத் தைத்தவர், தம் வீட்டு அடுப்பங்கரையில் காயம்பட்டவனை ஒளித்து வைத்தவர் என்று எண்ணற்ற எளிய மக்கள் அக்கூட்டத்தில் உளர். அவர்களை விடுத்து டாக்டரின் சரித்திரத்தைக் கூற நமக்கு மனம் வரவில்லை.

கோட்னிஸ் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் நடுத்தரக் குடும்பமொன்றில் பிறந்தார். பம்பாயில் சேட் ஜி. எஸ். மருத்துவக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். மேற்படிப்புக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த காலத்தில்தான் சீனத்திலிருந்து ஓர் வேண்டுகோள் வந்தது.

1937ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஜப்பானியர் சீனத்தின்மீது முழு அளவில் படையெடுத்தனர். அவ்வாண்டின் இறுதியில் எட்டாம் வழிப்படையின் தலைவர் சூ தே, ஜவஹர்லால் நேருவுக்குக் கடிதம் எழுதி மருந்தும் மருத்துவரும் வேண்டினார். காங்கிரஸ் மகாசபை 1938ஆம் ஆண்டில் நாடெங்கும் சீன தினம் கொண்டாடிற்று. அப்போது சபைத் தலைவராயிருந்தவர் சுபாஷ் சந்திர போஸ். தெருத் தெருவாக உண்டியல் ஏந்தியும் கூட்டங்களில் வேண்டுகோள் விடுத்தும் ஏறக்குறைய 22,000 ரூபாய் திரட்டினர். அடிமை நாட்டு மக்கள், அயலான் அடிமைப்படாதிருக்க வேண்டுமென்று கொடுத்த காசு அது. இக்காலத்தில் அத்தொகை சிறிதாகத் தோன்றலாம். அக்காலத்துக் கூலிக்காரனின் ஒரு நாள் வருவாயை அறிந்தவர்க்கு அவ்வாறு தோன்றாது.

அத்தொகையைக் கொண்டு ஐந்து மருத்துவர் அடங்கிய குழு ஒன்று அமைந்தது. அலகாபாத்து மதன் மோகன் அடல் தலைவர். ஸ்பெயின் தேசத்து உள்நாட்டுப் போரிலும் தொண்டு செய்தவர். நாகபுரியிலிருந்து சோல்கர், கல்கத்தாவிலிருந்து பாசு, முகர்ஜி, பம்பாயிலிருந்து கோட்னிஸ் ஆகியோர் உடன் சென்றனர். 1938ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் ராஜபுதனா என்னும் கப்பலில் பம்பாயை விட்டுப் புறப்பட்டனர். கோட்னிஸுக்கு அப்போது வயது இருபத்தேழு.

செப்டம்பர் மாத நடுவில் காண்டன் நகரை அடைந்தனர். சன் யாட் சென்னின் துணைவியார் சுங் சிங்லிங் அம்மையார் அவர்களை வரவேற்றார். அங்கிருந்து ஹாங்கௌ சென்றனர். அவர்கள் சென்ற வழியெங்கும் மக்கள் உள்நாட்டை நோக்கிப் பெயர்ந்துகொண்டிருந்தனர். அக்டோபர் மாதத்திலேயே காண்டனும் ஹாங்கௌவும் ஜப்பானியர் கையில் வீழ்ந்தன. குழுவினர் யாங்சி நதி வழியே மேற்கே இச்சாங் துறைமுகத்துக்கு வந்தனர்.

இச்சாங்கில் அவ்வாண்டு அக்டோபர், நவம்பர் மாதங்களில் நடந்ததைச் சற்று விரித்துக் கூறவேண்டும். கீழ்ச்சீனத்துத் தொழிற்சாலைகளிலிருந்து கழற்றி எடுத்த இயந்திரங்கள் ஆற்றங்கரையில் மலைபோல் குவிந்து கிடந்தன. அதற்கு மேல் யாங்சி குறுகிய மலையிடுக்குகளின் வழியே பாய்வது. பெரிய கப்பல்கள் செல்ல இயலாது. குளிர்கால வறட்சியால் நீர் வற்றுமுன் யாவற்றையும் மேலே சுங்கிங்குக்கு ஏற்றியாக வேண்டும். நதிக் கப்பல் முதலாளியாகிய லூ சுவோஃபூ என்பவர் அதற்குத் திட்டம் வகுத்தார். ஏறக்குறைய நாற்பது நாட்களில் சுமார் ஒரு லட்சம் டன் சரக்கும் முப்பதினாயிரம் மக்களும் அவ்விடத்தினின்று ஏற்றப்பட்டதாகக் கணக்கிடுவர். திட்டம் முதலாளியினுடையது, அதனைச் செய்து முடித்த தோள்கள் துறைமுகக் கூலிகளுடையவை. இரும்புச் சக்கரங்களைக் கழிகளில் கட்டித் தூக்கினவர்களும், மரப்படகுகளைக் கயிற்றால் கரையிலிருந்து இழுத்துச் சென்றவர்களும் பல்லாயிரவர். குண்டு வீசும் விமானங்கள் தலைக்குமேல் வந்துகொண்டே இருந்தன. நம் மருத்துவர்கள் இந்நகரில் சில வாரம் தங்கிக் காயம்பட்டோர்க்குச் சிகிச்சை செய்தனர்.

அதே 1938இல் தென்மேற்கே பர்மா பாதையும் ஓடத் தொடங்கிற்று. குன்மிங் நகரிலிருந்து பர்மா எல்லை வரை ஏறக்குறைய 960 கிலோமீட்டர் நீளமுள்ள மலைச்சாலை அது. அதனை வெட்டியோர் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். இளைஞர் பலர் படைக்குப் போய்விட்டமையால் முதியோரும் பெண்டிரும் சிறாருமே பெரும்பான்மையினராயிருந்தனர். சாலை உருளைகளைக் கல்லில் செதுக்கி, வடம் கட்டித் தாமே இழுத்தனர். மலேரியாவாலும் பாறைச் சரிவாலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பாதை திறந்தபின் அதில் லாரி ஓட்ட ஆட்கள் போதவில்லை. அப்போது சிங்கப்பூரில் ரப்பர் வணிகராயிருந்த டான் கா கீ வேண்டுகோள் விடுக்க, மலேயாவிலிருந்தும் பிற தென்கடல் நாடுகளிலிருந்தும் சுமார் 3,200 சீன ஓட்டுநரும் இயந்திரத் தொழிலாளரும் 1939இல் பர்மா பாதைக்குச் சென்றனர். சிங்கப்பூரில் ரிக்ஷா இழுத்த சீனர்களும் கடைச் சிப்பந்திகளும் தம் கூலியிலிருந்து பங்கு செலுத்தினர். மலேயாத் தோட்டங்களில் நம்மவர் பால் வெட்டி வந்ததும் இதே நாட்களில்தான்.

இங்கு ஒன்றை நாம் மறைத்தலாகாது. இவ்வளவும் மக்கள் மனமுவந்து செய்ததென்று எழுதிவிடுவது எளிது. அது முழு உண்மையாகாது. பர்மா பாதையில் ஊருக்கு இத்தனை பேர் என்று கணக்கிட்டுக் கட்டாயமாகவும் ஆள் பிடித்தனர். பலர் தம் அரிசியைத் தாமே சுமந்து வந்தனர். படைக்கு ஆள் சேர்த்தபோது கயிற்றால் கட்டிக் கொண்டுபோனதும் உண்டு. 1938ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜப்பானியரைத் தடுப்பதற்காகச் சீன அரசே மஞ்சள் நதியின் கரையை ஹுவாயுவான்கௌ என்னுமிடத்தில் உடைத்துவிட்டது. முன்னறிவிப்பின்றி வந்த வெள்ளத்தாலும் பின் வந்த பஞ்சத்தாலும் பல லட்சம் குடியானவர் இறந்தனர். நாட்டுக்காகக் கொடுத்தவர்களும் நாட்டால் பறிக்கப்பட்டவர்களும் பெரும்பாலும் ஒரே மக்கள். அதை அறிந்த பின்னரும் அவர்கள் காயம்பட்டவனைத் தூக்க முன்வந்தார்களே, அதுதான் நம் சிந்தனைக்குரியது.

குழுவினர் சுங்கிங்கை அடைந்தனர். சாந்திநிகேதனத்தில் சீனத் துறையை நடத்திவந்த தான் யுன்ஷான் ஐவருக்கும் சீனப் பெயர் சூட்டினார். ஒவ்வொருவர் பெயரின் ஈற்றிலும் சீனத்தைக் குறிக்கும் ஹுவா என்னும் சொல் சேர்ந்தது. கோட்னிஸ், கே திஹுவா ஆனார். சுங்கிங்கிலிருந்து யேனானுக்குப் புறப்படும் முன்பாக அவருக்குத் துயரச் செய்தி ஒன்று கிடைத்தது. சோலாப்பூரில் தந்தை இறந்துவிட்டார். சீனம் செல்ல அவருக்கு இசைவளித்து ஊக்கியவர் அத்தந்தையே. வீட்டில் தாயும் உடன்பிறந்தாரும் இருந்தனர். திரும்பிச் செல்லும்படி நண்பர் கூறினர். அவ்வாறு அவர் திரும்பியிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர் செல்லவில்லை. 1939ஆம் ஆண்டு பிப்ரவரியில் மற்றவர்களுடன் யேனானை அடைந்து, மலைச்சரிவில் குடைந்த மண்குகைகளில் நடந்த மருத்துவமனையில் வேலைக்கு அமர்ந்தார். பெற்றோர்க்குச் செய்யும் கடன் பெரிதா, முன்பின் அறியாதவர்க்குச் செய்யும் கடன் பெரிதா என்று வீட்டில் அமர்ந்து வாதிக்கலாம். அவரோ அந்தத் துக்கத்தைச் சுமந்துகொண்டே வண்டியேறினார். அவர் செய்தது சரியா என்று தீர்ப்புக் கூற நாம் துணியோம்.

சோல்கரும் முகர்ஜியும் உடல்நலிவால் 1939இல் நாடு திரும்பினர். அடல், கோட்னிஸ், பாசு மூவரும் அவ்வாண்டின் இறுதியில் போர்முனையை நோக்கி ஷான்சி மலைகளுக்குச் சென்று சூ தேயைக் கண்டனர். அடுத்த ஆண்டில் அடலும் நோயுற்றுத் திரும்பினார். எஞ்சிய இருவர், ஜப்பானியர் காவல் செய்த ரயில் பாதைகளை இருளில் கடந்து, ஷான்சி, சாஹார், ஹோபெய் ஆகிய மூன்று மாகாண எல்லைகள் கூடும் மலைப்பகுதியை அடைந்தனர். அங்கே கோட்னிஸ் ஒரு கல்லறையைக் கண்டு வணங்கினார். கனடா தேசத்து அறுவை மருத்துவர் நார்மன் பெத்யூன் உறங்கும் இடம் அது. அறுவை செய்கையில் விரலில் பட்ட கீறலால் இரத்தம் நஞ்சாகி, 1939ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் தாங் வட்டத்துக் குடியானவர் ஒருவரின் வீட்டில் அவர் உயிர் நீத்தார்.

இப்பகுதி நம் சங்கத்தார்க்குப் புதியதன்று. மஞ்சுஸ்ரீ போதிசத்துவரின் உறைவிடமெனச் சீன பௌத்தர் போற்றும் வூத்தாய் மலை இதனுள் அடங்கியது. பெத்யூன் 1938இல் கிராமத்தாரைக் கொண்டு மாதிரி மருத்துவமனை ஒன்றை அமைத்ததும் அம்மலை வட்டத்திலேதான். பழங்கோயில் ஒன்றே அதற்குக் கட்டடமாயிற்று. ஊர்த் தச்சரும் கொல்லரும் எலும்பு முறிவுக்குக் கட்டும் சட்டங்களைச் செய்து கொடுத்தனர். சில வாரங்களுக்குள் ஜப்பானியர் அதனை அழித்துவிட்டனர். அதன்பின் அறுவை மேடை போட்ட இடங்களில் ஊர்க் கோயில்களும் அடங்கும். புத்தபிரானின் கோயில் அடைக்கலமாவதில் வியப்பில்லை. ஆயினும் சங்கத்தினர்க்கு இதில் சங்கடம் இல்லாமற் போகவில்லை. கொல்லாமை விரதம் பூண்ட பிக்கு யுத்தத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது? சீன பிக்குகளின் விடை ஒன்றாக இருக்கவில்லை. துறவைவிட்டுத் துப்பாக்கி ஏந்தியவர்களும் இருந்தனர். 1937இல் ஷாங்காய்ப் போரின்போது இளம் பிக்குகள் மீட்புக் குழு அமைத்துத் துப்பாக்கி முழக்கத்தினூடே காயம்பட்டோரைத் தூக்கி வந்தனர். தாய்சூ என்னும் பெரும் பிக்கு 1939இலும் 1940இலும் பர்மா, இந்தியா, இலங்கை நாடுகளுக்கு நல்லெண்ண யாத்திரை வந்து சீனத்தின் துயரத்தை எடுத்துரைத்தார். கட்டில் தூக்குவதற்கு எந்த விரதமும் தடையில்லை என்பது நம் துணிபு.

கட்டில் தூக்குதல் என்று பலமுறை கூறிவிட்டோம். அது எவ்வாறு நடந்தது என்பதையும் கூற வேண்டும். அம்மலைகளில் வண்டிச் சாலை இல்லை. காயம்பட்டவனை இரு கழிகளுக்கிடையே கயிறு பின்னிய தூக்குக் கட்டிலில் கிடத்தி, ஒரு கிராமத்தார் அடுத்த கிராமம் வரை சுமப்பர். அவ்வூரார் ஏற்று அதற்கடுத்த ஊருக்குச் சுமப்பர். பெரும்பாலும் இரவில்தான் நடை. பனி உறைந்த ஏற்றத்தில் முன்னே செல்பவன் முழங்காலிட்டும் பின்னே வருபவன் கழியைத் தோளுக்கு மேல் உயர்த்தியும் கட்டிலைச் சாயாமல் காத்தனர். தம் போர்வையை எடுத்துக் காயம்பட்டவன்மேல் போர்த்தினர். மறுநாள் தம் வயலுக்குத் திரும்பினர். பாரம் சுமப்பவரின் பெயர் ஏட்டில் ஏறுவதில்லை என்பதை நம்மவர்க்கு ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

1940ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் எட்டாம் வழிப்படை பெருந்தாக்குதல் ஒன்றைத் தொடங்கிற்று. கோட்னிஸ் ஒரு பகுதிக்கும் பாசு மற்றொரு பகுதிக்கும் மருத்துவப் பொறுப்பேற்றனர். அத்தாக்குதலின்போது கோட்னிஸ் எழுபத்திரண்டு மணி நேரம் உறக்கமின்றி அறுவை செய்தாரென்றும், எண்ணூறுக்கு மேற்பட்ட காயம்பட்டோர்க்குச் சிகிச்சை அளித்தாரென்றும் அவருடைய சரித்திரங்கள் கூறுகின்றன. இதைப் படிப்போர் அவருடைய கைகளை வியக்கின்றனர். நாமும் வியக்கிறோம். ஆனால் எண்ணூறு பேர் அவரிடம் தாமே நடந்து வந்திருக்க முடியாது. ஒரு கட்டிலுக்கு நால்வர் என்றும், வழியில் ஓரிரு முறையேனும் தோள் மாறியது என்றும் வைத்துக்கொண்டு வாசகர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். வெந்நீர் காய்ச்சியவர்களையும், இரத்தம் தோய்ந்த கட்டுத்துணிகளை ஓடை நீரில் அலசி மறுபடி பயன்படச் செய்த பெண்களையும் அக்கணக்கில் சேர்க்கவில்லை. முற்றுகையால் மருந்தும் பஞ்சும் அரிதாகிவிட்ட நாட்டில், துவைத்த துணி என்பது ஓர் உயிரின் விலை பெற்றது.

பாசு பின்னர் யேனானில் பணியாற்றி 1943இல் தாயகம் திரும்பினார். 1941ஆம் ஆண்டு ஜனவரியில் கோட்னிஸ், பெத்யூன் பெயரால் வழங்கிய சர்வதேச சமாதான மருத்துவமனைக்குத் தலைவராக நியமிக்கப்பட்டார். அது தாங் வட்டத்துக் கெகோங் கிராமத்தில் இருந்தது. மருத்துவமனை என்றதும் நம் பெங்களூரில் கண்ட நெடிய கட்டடங்களை நினைத்தலாகாது. கிராமத்து மண் வீடுகளே வார்டுகள். இந்த வீட்டில் இருவர், அந்த வீட்டில் மூவர் என்று நோயாளரைப் பகிர்ந்து வைத்தனர். வீட்டுக்காரி கம்பங்கஞ்சி ஊட்டினாள். வீட்டுக்காரன் விறகு கொண்டு வந்தான். அந்நாட்டில் குளிர்காலத்துக்கென்று அடுப்புச் சூடு ஏறும்படி மண்ணால் கட்டிய படுக்கைத் திண்ணை உண்டு. குடும்பத்தார் அதைக் காயம்பட்டவனுக்கு விட்டுக்கொடுத்துத் தாம் தரையில் படுத்தனர்.

அவ்வட்டாரங்களில் ஊர்தோறும் ஒரு முறை வகுக்கப்பட்டிருந்தது. பெண்கள் சங்கம் துணிச் செருப்புத் தைத்தது. பழந்துணிகளை அடுக்கடுக்காக ஒட்டி, சணல் நூலால் நெருங்கத் தைத்துச் செய்யும் தடித்த அடிப்பாகம் அதற்கு. மலையில் நடக்கும் போர்வீரனுக்கு ஒரு சோடி நெடுநாள் தாங்காது. ஆகையால் தையல் ஓய்வதேயில்லை. சிறுவர் சிவப்புக் குஞ்சம் கட்டிய ஈட்டியுடன் ஊர் முகப்பில் நின்று வழிப்போக்கரிடம் சீட்டுக் கேட்டனர். பகைவர் வருகிறார் என்றறிந்தால் தானியத்தைப் புதைத்துப் பாத்திரத்தையும் திரிகையையும் ஒளித்து, கால்நடையுடன் மலையேறினர். வந்தவனுக்கு வெறும் சுவரும் வறண்ட கிணறுமே கிடைத்தன. சமவெளிக் கிராமங்களில் மலை இல்லாமையால் மண்ணுக்கடியில் வீட்டுக்கு வீடு சுரங்கம் தோண்டினர். அடுப்பினுள்ளும் கிணற்றின் பக்கச் சுவரிலும் அதன் வாயில்கள் மறைந்திருந்தன.

இதற்குக் கொடுத்த விலையையும் கூறாமல் விடுவது நேர்மையாகாது. உதவிய கிராமத்தை எரித்தல், உள்ளதைக் கவர்தல், அகப்பட்டவரைக் கொல்லுதல் என்பதே ஜப்பானியப் படை 1941க்குப் பின் அப்பகுதியில் கைக்கொண்ட நடைமுறையாயிற்று. 1942ஆம் ஆண்டு மே மாதம் அதே ஹோபெய் மாகாணத்துச் சமவெளியில் பெய்தான் என்னும் கிராமத்துச் சுரங்கத்துக்குள் நச்சுப்புகை செலுத்தினர். உள்ளே ஒளிந்திருந்தவர்களில் பலர் மூச்சடைத்து மாண்டனர். வெளியே வந்தோரும் கொல்லப்பட்டனர். இறந்தோர் சுமார் எண்ணூறு பேர் என்பர். காயம்பட்டவன் ஒருவனைத் திண்ணையில் கிடத்திய தாய், தன் பிள்ளைகளின் உயிரையும் அவனோடு சேர்த்துத் திண்ணையில் வைத்தாள் என்பதை இதனால் உணரலாம்.

அத்தகைய தாயொருத்தியின் பெயர் ஏட்டிலும் ஏறியிருக்கிறது. தாங் வட்டத்துக்குத் தெற்கே பிங்ஷான் வட்டத்தில் ரோங் குவான்சியூ என்னும் குடியானவப் பெண் தம் ஊர்ப் பெண்கள் சங்கத்தை நடத்தினார். ஏழைக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். மலைக்குகைகளிலும் தம் வீட்டிலும் காயம்பட்டோரை மறைத்து வைத்துச் சோறூட்டிக் காப்பாற்றினார். 1944ஆம் ஆண்டில் போர்வீரரின் தாய் என்னும் சிறப்புப் பெயரை அவருக்கு அளித்தனர். 1989 வரையில் அவர் வாழ்ந்திருந்தார்.

இம்மக்களிடையே கோட்னிஸ் அயலாராக இருந்துவிடவில்லை. சீன மொழியைப் பேசவும் படிக்கவும் கற்றார். அம்மொழியிலேயே மாணவர்க்குப் பாடம் நடத்தினார். தமக்கென்று தனி உணவு வேண்டாமென்று மற்றவர் உண்ட தினைச்சோற்றையே உண்டார். கிராமத்து நோயாளர் அழைத்தால் மலையேறிச் சென்று பார்த்தார். நோயாளருக்கு அவர் செய்த பணிவிடையைக் கண்டு, நிறத்தையும் அன்பையும் ஒருங்கே சேர்த்து, கறுப்புத் தாய் என்று அவரை அழைத்தனராம். நிறத்தைச் சொல்லி அழைப்பதெல்லாம் இழிவுக்காகவே என்று பழகிப்போன நம் செவிக்கு இது புதிதாக இருக்கிறது.

1941இல் அவர் குவோ சிங்லான் என்னும் செவிலி ஆசிரியையை மணந்தார். 1942ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் ஆண் குழந்தை பிறந்தது. சீன மொழியில் யின் என்பது இந்தியாவையும் ஹுவா என்பது சீனத்தையும் குறிக்கும். படைத்தலைவர் நியே ரோங்ஜென் அவ்விரண்டையும் சேர்த்து யின்ஹுவா என்று குழந்தைக்குப் பெயரிட்டார். அவ்வாண்டிலேயே கோட்னிஸ் சீனக் கம்யூனிஸ்டுக் கட்சியிலும் சேர்ந்தார். அக்கொள்கையில் நம் வாசகர் பலர்க்கு உடன்பாடில்லாமலிருக்கலாம். உள்ளதை உள்ளவாறு கூறுவதே நம் கடமை.

இதற்கிடையில் வலிப்பு நோய் அவரைப் பற்றியிருந்தது. ஓய்வு கொள்ளுமாறும் வேறிடம் சென்று சிகிச்சை பெறுமாறும் மேலிடத்தார் வற்புறுத்தினர். அவர் இணங்கவில்லை. நோய் வந்து தெளிந்ததும் மீண்டும் அறுவைக்கு நின்றார். மாணவர்க்காகச் சீன மொழியில் அறுவை மருத்துவப் பாடநூல் ஒன்றை எழுதி முடித்து, அடுத்த நூலைத் தொடங்கியிருந்தார். மருத்துவராகிய அவருக்குத் தம் நோயின் போக்குத் தெரியாதிருக்க நியாயமில்லை. 1942ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் இரவு வலிப்பு மீண்டும் கண்டது. ஒன்று ஓய்வதற்குள் மற்றொன்றாக வந்தது. 9ஆம் நாள் விடியற்காலையில் கெகோங் கிராமத்தில் அவர் உயிர் பிரிந்தது. வயது முப்பத்திரண்டு. குழந்தை பிறந்து நூற்றெட்டு நாட்களே ஆகியிருந்தன.

அவருடைய உடலையும் கிராமத்தாரே சுமந்தனர். முதலில் தாங் வட்டத்திலேயே அடக்கம் செய்தனர். 1953இல் ஷிஜியாஜுவாங் நகரத்துத் தியாகிகள் இடுகாட்டுக்கு மாற்றினர். பெத்யூனும் அங்கேயே இருக்கிறார். தாங் வட்டத்தில் இருவருக்கும் பொதுவாக நினைவு மண்டபம் ஒன்று பின்னர் எழுந்தது. நம் நாட்டுக்கும் சீனத்துக்கும் 1962இல் போர் மூண்டு நட்பு முறிந்தது. இரு நாட்டு எளியோரும் அதனால் துன்புற்றனர். அதன் பின்னர் இரு நாட்டாரும் கை குலுக்க விரும்பிய போதெல்லாம் முதலில் கோட்னிஸின் பெயரையே எடுத்துக்கொண்டனர். சீனம் 1982இலும் இந்தியா 1993இலும் அவருக்குத் தபால்தலை வெளியிட்டன. கட்டில் சுமந்தவர்க்குத் தபால்தலை வெளியிடுவதானால் முகத்துக்கு எங்கே போவது என்று நமக்குள் நாமே கேட்டுக்கொள்கிறோம்.

மகன் யின்ஹுவா தந்தையின் தொழிலையே மேற்கொண்டு மருத்துவம் பயின்றார். படிப்பு முடியுந்தறுவாயில் 1967ஆம் ஆண்டு தம் இருபத்துநான்காம் வயதில் காலமானார். குவோ சிங்லான் அம்மையார் 1958இல் இந்தியா வந்து கணவரின் குடும்பத்தாரைக் கண்டார். பின்னரும் பலமுறை வந்து சென்றார். சோலாப்பூரில் கோட்னிஸ் பிறந்த வீடு 2012இல் நினைவில்லமாகத் திறக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அம்மையார் சீனத்துத் தாலியன் நகரில் காலமானார்.